கணினிகளின் உடன்படிக்கை

உரைநடை உலகம்

நுழையும்முன்

இருவர் உரையாடுவதற்குப் பொதுமொழி மட்டும் போதாது. யார் முதலில் பேசுவது, எந்தச் சொல்லுக்கு எது மறுமொழி, மறுமொழி வராவிடில் என்ன செய்வது என்னும் முறைமையும் வேண்டும். மனிதரிடையே இம்முறைமை பழக்கத்தால் அமைகிறது. கணினிகளுக்குப் பழக்கமும் இல்லை. குறிப்பறியும் திறனும் இல்லை. எழுதப்பட்ட உடன்படிக்கையே அவற்றை இணைக்கிறது. அவ்வுடன்படிக்கையை எழுதும் முறையையும், பழுது நேர்ந்தால் திருத்தும் முறையையும் விளக்குகிறது இப்பாடம்.

ஒளியின் மொழி

மாமல்லபுரத்துப் பாறைக்குன்றின் மேல் பல்லவர்காலத்து ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் நிற்கிறது. இன்றைய கலங்கரை விளக்கம் எழுவதற்கு முன்னர், அக்கோயிலின் மேற்தளத்திலிருந்தே கடலோடிகளுக்கு ஒளி காட்டப்பட்டது. அதன் அருகிலேயே பின்னர்க் கருங்கல்லால் கலங்கரை விளக்கம் கட்டப்பட்டது.

ஒவ்வொரு கலங்கரை விளக்கத்திற்கும் தனக்கே உரிய ஒளிர்முறை உண்டு. எத்தனை முறை மின்னும், எவ்வளவு இடைவெளியில் மின்னும் என்பது விளக்குப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கும். இருளில் கரையைக் காணாத மாலுமி, மின்னல்களை எண்ணிப் பட்டியலோடு ஒப்பிட்டுத் தாம் எந்த ஊருக்கு நேரே இருக்கிறோம் என்று அறிவார். ஒளிர்முறையை மாற்ற வேண்டுமாயின் விளக்கை மட்டும் மாற்றினால் போதாது. மாற்றம் கடலோடிகளுக்கான அறிவிப்பில் இடம்பெற வேண்டும். நம் நாட்டில் டேராடூனில் உள்ள தேசிய நீர்நிலவியல் அலுவலகம் இவ்வறிவிப்புகளை வெளியிடுகிறது. விளக்கு மாறி அறிவிப்பு மாறாவிடில், விளக்கு பழுதின்றி எரிந்தாலும் கப்பல் வழிதவறும். பழுது விளக்கிலும் இல்லை, மாலுமியிடமும் இல்லை, இருவருக்கும் இடையிலான உடன்படிக்கையில் இருக்கிறது.

இன்றைய மென்பொருள் உலகில் இத்தகைய பழுதுகள் மிகுதி. ஒரே கணினிக்குள் அடங்கி இயங்கிய மென்பொருள்கள் இன்று பல ஊர்களில் உள்ள கணினிகளில் பிரிந்து நின்று, செய்திகளை அனுப்பியும் பெற்றும் ஒரே பணியை முடிக்கின்றன. இவற்றைப் பகிர்ந்தியங்கும் மென்பொருள்கள் என்பர். தொடர்வண்டிப் பயணச்சீட்டு முன்பதிவும், வங்கிப் பணப்பரிமாற்றமும் இவ்வகையின. இவற்றின் உறுப்புகள் பின்பற்றும் செய்திப் பரிமாற்ற முறையே நெறிமுறை எனப்படும்.

உரிமையும் கடமையும்

மென்பொருளின் இரு பகுதிகளுக்கு இடையிலான உறவை ஓர் உடன்படிக்கையாகக் கருத வேண்டும் என்னும் கருத்தை 1980-களில் பெர்ட்ரண்ட் மேயர் என்னும் அறிஞர் முறைப்படுத்தினார். உதவி கேட்கும் பகுதிக்கு ஒரு கடமை உண்டு. கேட்கும்முன் நிறைவேற்றவேண்டிய முன்நிபந்தனையை அது நிறைவேற்ற வேண்டும். உதவும் பகுதிக்கும் ஒரு கடமை உண்டு. பணி முடிந்தபின் இன்ன நிலை இருக்கும் என்னும் பின்நிபந்தனையை அது உறுதிசெய்ய வேண்டும். ஒருவர் கடமை மற்றவர்க்கு உரிமையாகிறது. பழுது நேர்ந்தால் எந்த நிபந்தனை மீறப்பட்டது என்று பார்த்துப் பொறுப்பு யாருடையது என்று தெளியலாம்.

செய்திகளால் பேசிக்கொள்ளும் மென்பொருள்களுக்கு இது மட்டும் போதாது. அங்கே செய்திகளின் வரிசையும் உடன்படிக்கையின் பகுதியாகிறது. ஜப்பானிய அறிஞர் கோஹெய் ஹோண்டா 1993-இல் இருவருக்கு இடையிலான உரையாடலின் வரிசையையே ஒரு வகைமையாக எழுதிச் சரிபார்க்கும் முறையை வகுத்தார். 2008-இல் அவரும் நோபுகோ யோஷிடா, மார்கோ கார்போனே ஆகியோரும் அதனைப் பலர் பங்குபெறும் உரையாடலுக்கு விரித்தனர். முதலில் முழு உரையாடலையும் மேலிருந்து பார்ப்பதுபோல் எழுதுவது. பிறகு அதிலிருந்து ஒவ்வொருவர் செய்யவேண்டியதையும் தனித்தனியே பிரித்தெடுப்பது என்பது அம்முறையின் சாரம்.

தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் இதே நோக்கிற்குச் செய்தி வரிசைப் படம் என்னும் வரைமுறையைக் கையாள்கின்றனர். பங்கேற்பாளர் ஒவ்வொருவருக்கும் மேலிருந்து கீழாக ஒரு கோடு. ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லும் செய்திக்கு ஓர் அம்பு. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1990-களில் இவ்வரைமுறையைத் தரப்படுத்தியது. படம் காண்பதற்கு எளியது. ஆயினும், வரையத்தக்கது எல்லாம் இயக்கத்தக்கது அன்று.

ஒரு சிலையும் மூன்று பழுதுகளும்

மாமல்லபுரம் கற்சிற்பத்திற்கு 2017-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அங்குள்ள ஒரு சிற்பக்கூடம் இணையவழியே சிலைகளை விற்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். வாங்குபவர், சிற்பக்கூடம், வங்கி, சரக்குந்து நிலையம் என நான்கு இடங்களில் நான்கு மென்பொருள்கள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் தான் அனுப்பிய செய்தியையும் தனக்கு வந்த செய்தியையும் மட்டுமே அறியும். மற்றவர்களிடையே நடப்பதை அறியாது.

முதற் பழுது, தெரிவு இருவரிடம் இருப்பது. நெறிமுறையில் இரு வழிகள் எழுதப்பட்டுள்ளன என்க. ஒன்றில் வாங்குபவர் ‘பணம் செலுத்திவிட்டேன்’ என்று அனுப்புகிறார். மற்றொன்றில் சிற்பக்கூடம் ‘சிலை விற்றுவிட்டது’ என்று அனுப்புகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் செய்திகள் வழியில் ஒன்றையொன்று கடந்து செல்லும். வாங்குபவர் முதல் வழியில் இருப்பார். சிற்பக்கூடம் இரண்டாம் வழியில் இருக்கும். இந்நிலை எந்தப் படத்திலும் இல்லை. எனவே அடுத்து என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியாது. இதற்குத் திருத்தம், தெரிவை ஒருவரிடம் ஒப்படைப்பது. வாங்குபவர் முதலில் ‘சிலை உள்ளதா’ என்று வினவ வேண்டும். சிற்பக்கூடம் ‘உங்களுக்கென ஒதுக்கப்பட்டது’ அல்லது ‘இல்லை’ என்று விடையளிக்க வேண்டும். அதன் பின்னரே பணம் செல்ல வேண்டும்.

இரண்டாம் பழுது, தெரிவு தெரியவேண்டியவருக்குத் தெரியாமை. விற்பனை நடந்தால் ‘சிலையை எடுத்துச் செல்க’ என்று சரக்குந்து நிலையத்திற்குச் செய்தி செல்லும். நடக்காவிடில் எதுவும் செல்லாது என்று எழுதப்பட்டுள்ளதாகக் கொள்வோம். செய்தி வராத சரக்குந்து நிலையம் விற்பனை நடக்கவில்லை என்று கருதுமா, செய்தி தாமதமாகிறது என்று கருதுமா? வண்டி காத்துக்கிடக்கும். இதற்குத் திருத்தம் ஒரே ஒரு செய்தியைச் சேர்ப்பது: ‘இன்று அனுப்புவதற்கு எதுவும் இல்லை.’ பயனற்றதுபோல் தோன்றும் இச்செய்தியே காத்திருப்பவரை விடுவிக்கிறது.

மூன்றாம் பழுது, காரணமில்லாத வரிசை. ‘வாங்குபவர் வங்கிக்குப் பணம் செலுத்துவார், அதன்பின் சிற்பக்கூடம் சிலையைச் சரக்குந்து நிலையத்திற்கு அனுப்பும்’ என்பது விதி என்க. தாளில் இது தெளிவாக உள்ளது. ஆனால், பணம் செலுத்தப்பட்டதைச் சிற்பக்கூடத்திற்குச் சொல்வது யார்? ‘அதன்பின்’ என்னும் சொல் தாளில் இருக்கிறது. கணினிகளுக்கு இடையே இல்லை. வங்கியிலிருந்து சிற்பக்கூடத்திற்குப் ‘பணம் வந்தது’ என்னும் செய்தியைச் சேர்த்தால்தான் முன்பின் என்னும் உறவு உண்மையாகும். வெவ்வேறு கணினிகளில் நிகழ்பவற்றை முன்பின் என்று வரிசைப்படுத்துவது அவற்றை இணைக்கும் செய்தியே என்பதை லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். பொதுக்கடிகாரம் இல்லாத இடத்தில் செய்தியே காலத்தை அளக்கிறது.

சிறுசேரியில் நடந்த ஆய்வு

வரையப்பட்ட ஒரு நெறிமுறை இயக்கத்தக்கதா என்பதைக் கணினியே ஆராய்ந்து சொல்ல முடியுமா? இவ்வினாவிற்கு எல்லா இடங்களிலும் விடை கிடைப்பதில்லை. 1983-இல் டேனியல் பிராண்ட், பீட்ரோ சாஃபிரோபுலோ ஆகிய இருவரும், செய்திகள் வழியில் அளவின்றித் தேங்கக்கூடுமானால், மிக எளிய இயந்திரங்கள் பேசிக்கொள்ளும்போதுகூட அவை முடங்கிப்போகுமா என்பதை எல்லா நேர்வுகளிலும் தீர்த்துச் சொல்லும் பொதுவழி இல்லை என்பதைக் காட்டினர்.

எந்த எல்லைக்குள் விடை கிடைக்கும் என்னும் ஆய்வில் தமிழ்நாட்டிற்கும் பங்கு உண்டு. சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் அமைந்துள்ளது. அக்கழகத்தைச் சேர்ந்த மாதவன் முகுந்த், கே. நாராயண் குமார் ஆகியோர், பி. எஸ். தியாகராஜன், மிலிந்த் சோஹோனி, ஹென்ரிக்சன் ஆகியோருடன் இணைந்து செய்தி வரிசைப் படங்களுக்கான கணிதக் கோட்பாட்டை உருவாக்கினர்; அக்கட்டுரை 2005-இல் வெளிவந்தது.

அவ்வாய்வின் கருத்தை எளிமையாகக் கூறலாம். வழியில் தேங்கும் செய்திகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருக்கவேண்டும்; படங்களின் தொகுப்பு முடிவுறு நிலைகளைக் கொண்ட இயந்திரத்தால் அறியத்தக்கதாக இருக்கவேண்டும். இவ்விரண்டும் அமையுமானால், அத்தொகுப்பைத் தனித்தனியே இயங்கும் இயந்திரங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க இயலும். அவ்வாறு பங்கிடும்போது, செய்திகளோடு சிறிதளவு கூடுதல் தகவலையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கும். தனித்து நிற்கும் உறுப்பு மற்றவர்களின் நிலையை ஊகித்துக்கொள்வதற்கு அத்தகவலே துணை. மேற்கண்ட பழுதுகளைத் திருத்தியபோதும், அறியவேண்டியதை அறியவேண்டியவருக்குச் செய்தியாக அனுப்புவது என்னும் இதே வழியே உதவியது.

தெரியுமா?

சென்னைக் கணிதவியல் கழகம் 1989-இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கணிதப் பள்ளியாகத் தொடங்கப்பட்டது. இதனை நிறுவியவர், காஞ்சிபுரத்தில் பிறந்த கணிதமேதை சி. எஸ். சேஷாத்ரி (1932 – 2020). இவர் 2009-இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

மறுமொழி வராதபோது

இதுவரை கண்ட பழுதுகளில் செய்திகள் தொலையவில்லை. தொலையும்போது சிக்கல் பெருகுகிறது. கடலில் இரு படகுகள் தொலைவில் நிற்கின்றன. ‘விடியலில் சேர்ந்து வலை வீசுவோம்’ என்று ஒரு படகு விளக்கசைத்துச் சொல்கிறது. மூடுபனியில் அந்த ஒளி தெரியாமல் போகலாம் என்பதால் மறுமொழி வேண்டும். மறுமொழியும் மூடுபனியில் மறையலாம் என்பதால், அது கிடைத்தது என்பதற்கு இன்னொரு மறுமொழி வேண்டும். இவ்வாறு எத்தனை முறை விளக்கசைத்தாலும் கடைசி ஒளி சென்றடைந்ததா என்னும் ஐயம் எஞ்சும். செய்தி தொலையக்கூடிய வழியில், இருவரும் ஐயமின்றி ஒரே முடிவுக்கு வருவதை உறுதிசெய்யும் நெறிமுறையை எழுதவே இயலாது. இது பொறியாளரின் திறக்குறைவு அன்று. கணிதம் காட்டும் எல்லை.

இவ்வெல்லை ஏட்டோடு நிற்பதில்லை. மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் சங்குமாலை விற்கும் சிறுகடையிலும் இன்று யுபிஐ எனப்படும் ஒருங்கிணைந்த பணப்பரிமாற்ற முறையில் பணம் பெறுகின்றனர். இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016-இல் அறிமுகப்படுத்திய முறை இது. பணம் செலுத்துபவரின் செயலி, அவருடைய வங்கி, கழகத்தின் இணைப்பு மையம், பெறுபவரின் வங்கி, பெறுபவரின் செயலி என ஒரு பரிமாற்றத்தில் பல அமைப்புகள் பங்கேற்கின்றன. முதலில் செலுத்துபவர் கணக்கில் பணம் கழிக்கப்படும்; பின்னர்ப் பெறுபவர் கணக்கில் சேர்க்கப்படும்.

பணம் கழிக்கப்பட்டபின், ‘சேர்த்துவிட்டேன்’ என்னும் மறுமொழி பெறுபவரின் வங்கியிலிருந்து வரவில்லை என்க. அந்த அமைதிக்கு மூன்று பொருள்கள் இருக்கக்கூடும். சேர்க்கச் சொன்ன செய்தி சென்றடையாமல் போயிருக்கலாம். பணம் சேர்ந்து மறுமொழி மட்டும் தொலைந்திருக்கலாம். பணி இன்னும் நடந்துகொண்டிருக்கலாம். உடனே பணத்தைத் திருப்பினால், இரண்டாம் நிலையில் யாரேனும் ஒருவருக்கு இழப்பு நேரும். திருப்பாவிட்டால், முதல் நிலையில் செலுத்தியவருக்குப் பணமும் போய்ப் பொருளும் கிடைக்காது. கடைக்காரருக்கோ பொருளைக் கொடுப்பதா வேண்டாவா என்று தெரியாது. அன்றாட வருவாயை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு இத்தொகை சிறிதன்று.

இந்நிலையைக் கையாள, ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் தனி அடையாள எண் அளிக்கப்படுகிறது. அவ்வெண்ணைக் கொண்டு ‘இதன் நிலை என்ன’ என்று மீண்டும் வினவலாம். ஒரே எண்ணுடன் கோரிக்கை இருமுறை வந்தாலும் பணம் ஒருமுறையே கழிக்கப்பட வேண்டும். பின்னர் இரு வங்கிகளின் கணக்குகளும் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகின்றன.

இவற்றுக்கும் மேலாக, காலவரம்பும் பொறுப்பும் வகுக்கப்பட்டன. 2019 செப்டம்பர் 20-ஆம் நாள் இந்திய ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஒருவர் கணக்கில் பணம் கழிக்கப்பட்டு மற்றவர் கணக்கில் சேராவிடில், யுபிஐ வழியான தனியாள் பணமாற்றத்தில் அடுத்த நாளுக்குள்ளும், வணிகருக்குச் செலுத்தும் பணத்தில் ஐந்து நாளுக்குள்ளும் அது தானாகவே திருப்பப்பட வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும். வாடிக்கையாளர் முறையிடும்வரை காத்திராமல் இழப்பீடு தானாகவே அளிக்கப்பட வேண்டும் என்பது இதன் சிறப்பு. மறுமொழி வருமா என்னும் ஐயத்தை இவ்விதி நீக்கவில்லை; அதனை நீக்கவும் இயலாது. ஆனால், அந்த ஐயத்தின் சுமையை யார், எத்தனை நாள் தாங்குவது என்பதை வரையறுத்தது. அதுவரை பொதுமக்கள் சுமந்ததை அமைப்பின் மேல் வைத்தது. உடன்படிக்கையைத் திருத்துவது என்பது தொழில்நுட்பப் பணியாக மட்டுமன்றி நீதியின் பணியாகவும் அமைவதை இங்குக் காணலாம்.

திருத்தத்தின் இலக்கணம்

எழுதிய விதியைப் பட்டறிவால் திருத்துவது தமிழர்க்குப் புதிதன்று. மாமல்லபுரத்தை உள்ளடக்கிய தொண்டைமண்டலத்தில் உள்ளது உத்திரமேரூர். அங்கே முதலாம் பராந்தகசோழன் காலத்தில், குடவோலை முறையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்யும் விதிகள் கி.பி. 919-இல் கல்லில் வெட்டப்பட்டன. ஈராண்டுகளுக்குள், கி.பி. 921-இல், அவ்விதிகள் திருத்தப்பட்டு விரிவான கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு உரியர் அல்லர் என்பது அத்திருத்தத்தில் உள்ள விதிகளுள் ஒன்று. எழுதப்பட்டிருந்தமையால்தான் குறை கண்டறிய முடிந்தது. குறை கண்டறிந்தமையால்தான் திருத்த முடிந்தது.

ஊர்ச்சபை கூடி ஒரே நாளில் விதியை மாற்றலாம். உலகெங்கும் பரவிய கணினிகளை ஒரே நாளில் மாற்ற இயலாது. நெறிமுறையைத் திருத்துவதில் உள்ள பெருந்தடை இதுவே. இணைய முகவரிக்கான நான்காம் பதிப்பு நெறிமுறை 32 இருமக்குறிகளைக் கொண்டது. அதனால் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளையே தர முடியும். அது போதாமையை உணர்ந்து, 128 இருமக்குறிகளைக் கொண்ட ஆறாம் பதிப்பு 1990-களிலேயே வகுக்கப்பட்டது. ஆயினும் இன்றும் இரு பதிப்புகளும் அருகருகே இயங்குகின்றன. பழையதைப் பேசுவோர் உள்ளவரை புதியது பழையதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

ஆகவே, திருத்துவோர் சில நெறிகளைக் கைக்கொள்கின்றனர். பழுதைக் காட்டும் மிகச்சிறிய நிகழ்வை முதலில் கண்டறிய வேண்டும். அதனை நீக்கப் போதுமான மிகச்சிறிய மாற்றத்தையே செய்ய வேண்டும். புதிய செய்தியைச் சேர்க்கலாம். பழைய செய்தியின் பொருளை மாற்றலாகாது. பதிப்பு எண்ணை உரையாடலின் தொடக்கத்திலேயே கூற வேண்டும். திருத்தியபின் முழு நெறிமுறையையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஓரிடத்துத் திருத்தம் வேறிடத்தில் புதிய பழுதை உண்டாக்கக்கூடும். இவ்வேலையின் ஒரு பகுதியைத் தாமே செய்து, சேர்க்கவேண்டிய செய்தி எது என்று பரிந்துரைக்கும் மென்பொருள்களும் ஆய்வுலகில் உருவாக்கப்பட்டுள்ளன. எனினும், எந்தத் திருத்தம் யாருக்கு நன்மை, யாருக்குச் சுமை என்று தீர்மானிப்பது மனிதரின் பொறுப்பாகவே உள்ளது.

நல்ல உடன்படிக்கை, எல்லாம் சரியாக நடக்கும் நாளுக்காக மட்டும் எழுதப்படுவதில்லை. செய்தி தொலையும் நாளையும், இரு செய்திகள் வழியில் கடந்துசெல்லும் நாளையும், மறுமொழிக்காக ஒருவர் தனித்துக் காத்திருக்கும் நாளையும் எண்ணியே எழுதப்படுகிறது. கணினிக்குக் கட்டளை எழுதும் கலையில் தேர்ச்சி பெறும் மாணவர், காணாத இடத்தில் காத்திருப்பவரின் நிலையையும் எண்ணிப் பார்க்கப் பழக வேண்டும். அவர் எழுதும் விதி அந்தக் காத்திருப்பை முடித்துவைக்கும்.

சொல்லும் பொருளும்

நெறிமுறை – செய்திப் பரிமாற்றத்திற்கான வரையறுத்த ஒழுங்கு
முன்நிபந்தனை – ஒரு செயலைக் கோரும்முன் நிறைவேற வேண்டியது
பின்நிபந்தனை – செயல் முடிந்தபின் உறுதியாக இருக்கவேண்டிய நிலை
தெரிவு – பல வழிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுதல்
இருமக்குறி – சுழியம் அல்லது ஒன்று என்னும் மதிப்பைக் கொண்ட அடிப்படைத் தகவல் அலகு

கற்பவை கற்றபின்...

1. பள்ளி நூலகத்தில் நூல் பெறும் முறையை மாணவர், நூலகர், வகுப்பாசிரியர் ஆகிய மூவர்க்கிடையிலான செய்தி வரிசைப் படமாக வரைக. நூல் உரிய நாளில் திரும்பாவிடில் யார் யாருக்குச் செய்தி அனுப்புவர் என்பதையும் அதில் காட்டுக.

2. பாடத்தில் விளக்கப்பட்ட மூன்று பழுதுகளுள் ஒன்றற்கு, நும் அன்றாட வாழ்விலிருந்து சான்று காட்டித் திருத்தம் கூறுக.

3. ‘மறுமொழி வராமையும் ஒரு செய்தியே’ – இக்கூற்றை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

4. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பற்றிய செய்திகளைத் திரட்டி, விதியை எழுதிவைப்பதன் இன்றியமையாமை குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.